எல்லைக்கல்லும் வெள்ளைக்கல்லும்: சில குறிப்புகள்

சேலத்து வெள்ளைக்கல்லை உலகம் மேக்னசைட் என்று அறியும். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து செட்டிச்சாவடி, குரும்பப்பட்டிப் பக்கம் போனால் கல் வெட்டிய பள்ளங்களும் கொட்டிய மண்மேடுகளும் கண்ணில் படும். சேலத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். நூறாண்டுக்கும் மேலாக இங்கே இந்தக் கல்லை வெட்டுகிறார்கள். சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா, 2,800 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் நிற்கும். எஃகு உலையின் உட்சுவருக்கு அதைச் செங்கல்லாக்கி அடுக்குகிறார்கள். எஃகு இல்லாமல் பாலம் இல்லை, ரயில் இல்லை, பீரங்கியும் இல்லை. இந்தச் செங்கல் இல்லாமல் எஃகு இல்லை.

உலகில் வெட்டப்படும் மேக்னசைட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனாவுடையது. அதில் பெரும்பகுதி வடகிழக்கே லியாவ்நிங் மாகாணத்தின் ஹைசெங், தாஷிச்சியாவ் ஆகிய ஊர்களைச் சுற்றிக் கிடைக்கிறது. ரஷ்யாவில் யூரல் மலைப் பகுதியில் சாத்கா என்ற ஊரில் 1901 முதல் மேக்னசைட் ஆலை நடக்கிறது. ரஷ்யாவும் சீனாவும் கைகோத்துக்கொண்டதைச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு மாஸ்கோவும் பெய்ஜிங்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. சாத்காவும் தாஷிச்சியாவும்தான் வருகின்றன. எங்கள் ஊர்க் கல்லின் பங்காளிகள் அவை.

*

தாஷிச்சியாவ் வெறும் கல்லூர் இல்லை. 1898-இல் ரஷ்யப் பேரரசு, நலிந்து கிடந்த சீனாவிடமிருந்து போர்ட் ஆர்தர் துறைமுகத்தைக் குத்தகைக்கு எடுத்தது. அந்தத் துறைமுகத்துக்குப் போட்ட ரயில் பாதை தாஷிச்சியாவ் வழியாகத்தான் சென்றது. 1904 ஜூலையில் ரஷ்யப் படையும் ஜப்பானியப் படையும் அந்த ஊரருகே மோதின. போர் நடந்தது இரண்டு அந்நியர்களுக்கிடையே. மண் மட்டும் சீனாவுடையது.

அதற்கு முன்பே, 1858-லும் 1860-லும் கையெழுத்தான இரண்டு உடன்படிக்கைகளில் அமூர் ஆற்றுக்கு வடக்கேயும் உசூரி ஆற்றுக்குக் கிழக்கேயும் இருந்த பெருநிலத்தைச் சீனா ரஷ்யாவிடம் இழந்திருந்தது. இன்று ரஷ்யாவின் பசிபிக் வாசலாக இருக்கும் விளாதிவஸ்தோக் அந்த நிலத்தில் எழுந்த நகரம். சீனப் பள்ளிப் பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். இவ்வளவு பழைய காயத்தை வைத்துக்கொண்டு இந்த இருவரும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பதைத்தான் இந்தக் குறிப்புகளில் எனக்கு விளங்கிய வரையில் எழுதிப் பார்க்கிறேன்.

*

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் கேட்டான்: "ரஷ்யா நம்ம பக்கமுங்களா, சீனா பக்கமுங்களா சார்?"

நல்ல கேள்வி. நம் நாட்டில் படித்தவர் பலரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்வது இதுதான். ஆனால் கேள்வியின் அமைப்பே விடையைத் தவறவைக்கிறது. ரஷ்யா தன் பக்கம் நிற்கிறது. சீனாவும் அப்படியே. இருவரின் பக்கங்களும் இப்போது ஒரே திசையைப் பார்க்கின்றன. அது எதனால், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பதே பயன் தரும். அவனிடம் 1950-இலிருந்து தொடங்கிச் சொன்னேன்.

*

1949 டிசம்பரில் மாஸ்கோ சென்ற சீனத் தலைவர் மாவோ, இரண்டு மாதம் அங்கேயே தங்கினார். 1950 பிப்ரவரி 14 அன்று முப்பதாண்டு நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. ஒருவரைத் தாக்கினால் மற்றவர் படையோடு வரவேண்டும் என்ற கடப்பாடு அதில் இருந்தது. 30 கோடி டாலர் கடன், ஆண்டுக்கு ஒரு சதவீத வட்டி. பிறகு 156 பெருந்திட்டங்களுக்குச் சோவியத் உதவி. அவற்றுள் ஒன்று லியாவ்நிங்கின் அன்ஷான் எஃகு ஆலையின் மறுசீரமைப்பு. ஹைசெங் வெள்ளைக்கல் கிடைக்கும் அதே வட்டாரம்.

அதே 1950-களில் சோவியத் பொறியாளர்கள் நம் பிலாயிலும் எஃகு ஆலை எழுப்பினார்கள். 1955-இல் ஒப்பந்தம், 1959 பிப்ரவரியில் முதல் ஊதுலை. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமும் அவர்கள் துணையோடு வந்ததே. மாஸ்கோவின் பொறியாளர் ஒரே காலத்தில் அன்ஷானிலும் பிலாயிலும் நெய்வேலியிலும் நின்றார்.

1960 ஜூலையில் சோவியத் தலைவர் குருஷ்சேவ், சீனாவிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் வல்லுநர்களை ஒரே அறிவிப்பில் திருப்பி அழைத்தார். வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பாதியில் நின்ற ஆலைகளைச் சீனர்கள் தாங்களே முடிக்க வேண்டியதாயிற்று. முப்பதாண்டுக்கென்று எழுதிய நட்பு பத்தாண்டில் கசந்தது. கொள்கை ஒன்று, கொடியின் நிறம் ஒன்று, பகைவனும் ஒருவனே. இத்தனையும் பொருந்தியிருந்தும் நிற்கவில்லை.

*

1962 அக்டோபர். சீனப் படை நம் எல்லைக்குள் இறங்கியது. அதே வாரம் கியூபாவில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுப்போரின் விளிம்பில் நின்றன. சீனாவின் துணை தேவைப்பட்ட அந்த நேரத்தில் சோவியத் கட்சி நாளேடான பிராவ்தா, அக்டோபர் 25 அன்று சீனாவின் நிலையை ஒட்டித் தலையங்கம் எழுதியது. கியூபா நெருக்கடி தணிந்ததும் நவம்பரில் மாஸ்கோவின் குரல் மாறி நடுநிலைக்கு வந்தது. மிக்-21 விமானங்கள் தருவதற்கு நம்மோடு பேசி முடித்ததும் அதே ஆண்டுதான்.

நண்பன் நம்மைக் கைவிட்டான் என்று இதைப் படிக்க வேண்டியதில்லை. தன் உயிருக்கு ஆபத்து என்றால் எந்த வல்லரசும் முதலில் தன்னைத்தான் காத்துக்கொள்ளும் என்று படித்தால் போதும். அந்தப் பாடம் இன்றைக்கும் செல்லும்.

*

1969 மார்ச் 2. உசூரி ஆற்றின் நடுவே சிறு தீவு. ரஷ்யர்களுக்குத் தமான்ஸ்கி, சீனர்களுக்கு ஜென்பாவ். பனி உறைந்த ஆற்றின்மேல் இரு பொதுவுடைமை நாடுகளின் எல்லைக் காவலர்கள் ஒருவரையொருவர் சுட்டுக் கொன்றார்கள். மார்ச் 15-இல் மறுபடியும் சண்டை. செப்டம்பர் 11 அன்று சோவியத் பிரதமர் கோசிகினும் சீனப் பிரதமர் சூ என்லாயும் பெய்ஜிங் விமான நிலையத்திலேயே உட்கார்ந்து பேசித்தான் போரைத் தடுத்தார்கள்.

அதன் அலை நம் கரையையும் தொட்டது. 1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் இரகசியமாகப் பெய்ஜிங் போனார். ஆகஸ்ட் 9 அன்று புதுடெல்லியில் வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும் இந்திய–சோவியத் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் வங்கதேசம் பிறந்தது. உசூரித் தீவில் வெடித்த துப்பாக்கிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ரஷ்யாவும் சீனாவும் பிரிந்திருந்த காலத்தில் நமக்குக் கிடைத்த இடம் அது. அந்த இடம் இன்று இல்லை. இதை ஒத்துக்கொள்ள நம்மில் பலருக்கு இன்னும் மனம் வரவில்லை.

*

என் தலைமுறையில் ரஷ்யாவின் மேல் பாசம் வந்த வழி புத்தகம். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவு விலைக்கு வழவழப்பான தாளில் டால்ஸ்டாயும் கார்க்கியும் தமிழில் கிடைத்தார்கள். 'சோவியத் நாடு' இதழின் தாளைப் பள்ளி நோட்டுக்கு அட்டை போடாத வீடு குறைவு. அந்தப் பாசம் உண்மையானது, அதற்காக நான் வெட்கப்படவில்லை. கூடங்குளத்துக்கு 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம், சோவியத் யூனியன் சிதறிய பிறகும் கைவிடப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் பாசம் ஒரு நாட்டின் கணக்கில் ஏறாது. சீனத் தலைவர்கள் ரஷ்யாவோடு பழகும் விதத்தைப் பார்த்தால் அவர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருப்பது தெரிகிறது. 1950-இல் உறவுமுறை கொண்டாடி ஏமாந்தார்கள். இரண்டாம் முறை கணக்கை முதலில் தீர்த்தார்கள்.

*

அந்தக் கணக்குத்தான் எல்லை. இந்தக் குறிப்புகளில் மற்றதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1989 மே மாதம் கோர்பச்சேவ் பெய்ஜிங் போனார். 1991 மே மாதம் கிழக்கு எல்லை ஒப்பந்தம். சோவியத் யூனியன் அந்த ஆண்டிலேயே மறைந்தும் ரஷ்யா ஒப்பந்தத்தை ஏற்றது. 1996 ஏப்ரலில் எல்ட்சினும் ஜியாங் ஜெமினும் உறவை மூலோபாயக் கூட்டுறவு என்று அறிவித்தார்கள். 2001 ஜூலை 16 அன்று மாஸ்கோவில் புதினும் ஜியாங் ஜெமினும் இருபதாண்டு நல்லுறவு உடன்படிக்கை செய்தார்கள். ஒருவர் நிலத்தின்மேல் மற்றவருக்கு உரிமைகோரல் இல்லை என்று அதில் எழுதினார்கள். 1950 உடன்படிக்கையில் இருந்த படைத்துணைக் கடப்பாடு இதில் இல்லை. ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம் என்பதோடு நின்றது. 2004 அக்டோபரில் மீதியிருந்த துண்டுகளுக்கும் ஒப்பந்தம். 2008 அக்டோபர் 14 அன்று கடைசி எல்லைக்கல் நட்டார்கள். அமூரும் உசூரியும் கூடும் இடத்தில் இருந்த பெரிய உசூரித் தீவை ஏறக்குறைய பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பக்கத்துத் தாரபாரவ் தீவு முழுதும் சீனாவுக்குப் போனது.

ரஷ்யா தன் கையிலிருந்த நிலத்தைக் கொடுத்தது. சீனா பத்தொன்பதாம் நூற்றாண்டில் இழந்த பெருநிலத்தைக் கேட்காமல் விட்டது. இரண்டுமே வலித்திருக்கும். 4,200 கிலோமீட்டர் எல்லை முழுதும் இருவரும் ஒத்துக்கொண்ட கோடாயிற்று.

ஏற்காடு அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சர்வேயர் வந்து கல் நட்ட பிறகுதான் அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் ஒரே கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். கல் நடாத வரப்பில் பேச்சுவார்த்தை நீடித்ததில்லை.

*

நாம் கல் நடாமல் நட்பைத் தொடங்கியவர்கள். 1954 ஏப்ரல் 29 அன்று நாமும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பஞ்சசீலம் இருந்தது. திபெத்தோடு வணிகமும் யாத்திரையும் இருந்தன. எல்லை எங்கே என்று அதில் இல்லை. 1956-இல் சூ என்லாய் மாமல்லபுரத்துக்கு வந்தபோது வரவேற்புக்குக் குறைவில்லை. ஆறே ஆண்டில் போர்.

2019 அக்டோபரில் அதே மாமல்லபுரத்தில் நரேந்திர மோடியும் ஷி ஜின்பிங்கும் கடற்கரைக் கோயிலருகே நடந்தார்கள். நம் ஊர்க்காரர்களெல்லாம் பெருமையோடு தொலைக்காட்சியில் பார்த்தோம். எட்டு மாதம் கழித்து, 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர்.

பல்லவர் காலத்திலிருந்து சீனத்தோடு கடல்வழி உறவு உண்டு என்று மேடையில் பேசுவது அழகு. மலையில் கோடு தெளிவாக இல்லாத வரையில் அந்தப் பேச்சு ஒரு வீரனையும் காப்பாற்றாது. 3,488 கிலோமீட்டர் நீளமுள்ள கட்டுப்பாட்டுக் கோட்டை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வரைபடமாக இன்றுவரை மாற்றவில்லை.

*

ஒரே வரைபடம், இரண்டு பதில். 2023 ஆகஸ்ட் கடைசியில் சீன அரசு புதிய வரைபடம் வெளியிட்டது. அருணாசலப் பிரதேசமும் அக்சாய் சின்னும் சீனாவுக்குள் இருந்தன. பெரிய உசூரித் தீவு முழுதும் சீனாவின் நிறத்தில் இருந்தது, ஒத்துக்கொண்டது பாதிதான். இந்தியா உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. ரஷ்ய வெளியுறவு அமைச்சகமோ, எங்களுக்குள் எல்லைச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கடந்தது.

அந்தப் பதிலில் கூட்டாளியின் பலவீனமும் தெரிகிறது. போரில் கிடக்கும் ரஷ்யா, சீனாவோடு ஒரு தீவுக்காக வாய் திறக்கும் நிலையில் இல்லை. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்ததால்தான் அமைதியாகவேனும் கடக்க முடிந்தது. நம் கையில் அப்படி ஒரு தாள் இல்லை.

*

மூன்றாமவன் மேலுள்ள அச்சம் மட்டும் இருவரைச் சேர்த்து வைக்குமா? சேலத்து மண்ணிலேயே இதற்கு விடை உண்டு.

1790-இல் பூனாவின் பேஷ்வாவும் ஹைதராபாத் நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு சேர்ந்தார்கள். மராட்டியரும் நிஜாமும் அடுத்தடுத்த வல்லரசுகள். தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டவர்கள். மைசூரின் திப்பு சுல்தான் மேலிருந்த அச்சம் அவர்களைச் சேர்த்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒத்துக்கொண்டார். மூவரும் பங்கிட்டதில் பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனிக்கு விழுந்தன. நம் நிலத்தை அளந்து தீர்வை போட அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் வந்தது அந்தப் பங்கீட்டால்தான்.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். திப்பு அடங்கினார், நிஜாம் கட்ட வேண்டிய சௌத் என்ற கப்ப வரிப் பாக்கிக்காக மராட்டியரும் நிஜாமும் மறுபடி முறைத்துக்கொண்டார்கள். 1795 மார்ச்சில் கர்தாவில் போர். நிஜாம் தோற்றார், கம்பெனி உதவிக்கு வரவில்லை. 1798-இல் நிஜாம் கம்பெனியின் படையை ஏற்று அதன் காவலில் ஒதுங்கினார். 1818-இல் பேஷ்வாவின் ஆட்சியே முடிந்தது.

அச்சம் அவர்களைச் சேர்த்தது. தீராத பாக்கி அவர்களைப் பிரித்தது. தூரத்திலிருந்து வந்தவன் இருவரையும் விழுங்கினான். ரஷ்யாவையும் சீனாவையும் இன்று சேர்த்து வைப்பதில் அமெரிக்காவின் மேலுள்ள அச்சத்துக்குப் பங்குண்டு. ஆனால் அவர்கள் கர்தாவுக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம், பாக்கியை 2008-க்குள் தீர்த்துக்கொண்டது.

*

2022 பிப்ரவரி 4, பெய்ஜிங். குளிர்கால ஒலிம்பிக் தொடக்க நாள். எங்கள் நட்புக்கு எல்லைகள் இல்லை என்று புதினும் ஷியும் கூட்டறிக்கை விட்டார்கள். இருபது நாளில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது.

சீனா அந்தப் போரைக் கண்டிக்கவில்லை. அதே வேளையில் கிரீமியாவை ரஷ்யாவின் பகுதியாகச் சீனா இன்றுவரை ஏற்கவுமில்லை. பொருளை மட்டும் தாராளமாக விற்றது, வாங்கியது. 2024-இல் இரு நாட்டு வணிகம் ஏறக்குறைய 24,500 கோடி டாலர். ரஷ்யாவிலிருந்து கச்சா எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியும் போகின்றன. சீனாவிலிருந்து காரும் இயந்திரமும் மின்னணுப் பொருளும் வருகின்றன. பணமும் டாலரை விட்டுப் பெரும்பாலும் ரூபிளுக்கும் யுவானுக்கும் மாறிவிட்டது.

இதில் இருவரும் சமமில்லை. சீனாவின் பொருளாதாரம் ரஷ்யாவினுடையதைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ரஷ்யாவின் தூரக்கிழக்கு முழுவதிலும் 80 லட்சம் பேர். அதை ஒட்டிய சீனாவின் மூன்று வடகிழக்கு மாகாணங்களில் சற்றேறக்குறைய 10 கோடி பேர். சைபீரியாவின் வலிமை எனப்படும் முதல் எரிவாயுக் குழாய் 2019 டிசம்பரில் திறந்தது. மங்கோலியா வழியான இரண்டாவது குழாய்க்கு ரஷ்யா பல ஆண்டு காத்திருந்து, 2025 செப்டம்பரில் ஒரு புரிந்துணர்வுத் தாளைப் பெற்றது. அப்போதும் விலை முடிவாகவில்லை. வேறு வாடிக்கையாளரை இழந்தவனிடம் விலை பேச சீனாவுக்கு அவசரம் இல்லை.

1950-இல் மாவோ மாஸ்கோவில் காத்திருந்தார். இன்று காத்திருப்பது மாஸ்கோ.

*

இந்தக் கூட்டு உடையும், அப்போது நமக்கு நல்லது நடக்கும் என்று எழுதுபவர்களை ஆங்கில நாளேடுகளிலும் தமிழ்த் தொலைக்காட்சியிலும் பார்க்கிறேன். நான் அதை நம்பவில்லை. ரஷ்யாவுக்குக் குறை இருக்கும். இளைய பங்காளியாக இருப்பது பழைய பேரரசுக்குக் கசக்கும். ஆனால் மேற்கே நேட்டோவோடு மோதிக்கொண்டு கிழக்கே 4,200 கிலோமீட்டர் எல்லையையும் பகையாக்கிக்கொள்ள எந்த ரஷ்யத் தலைவரும் துணியமாட்டார். சீனாவுக்கும் கடலில் அமெரிக்காவை எதிர்கொள்ளும்போது வடக்கே அமைதி வேண்டும். அந்த அமைதி இருவருக்கும் மலிவாகக் கிடைத்திருக்கிறது. அதை யார் விடுவார்கள்?

*

உலக அரசியல் நம் வட்டாரத்துக்கு எந்த வழியில் வருகிறது?

ஒன்று, டீசல். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிக்காரர்களுக்கும் போர்வெல் ரிக் வண்டிக்காரர்களுக்கும் அதுவே உயிர். 2022-க்கு முன் நாம் வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம் அளவே. பிறகு அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நம் சரக்கின்மேல் வரியை 50 சதவீதமாக்கியது. அடி விழுந்தது திருப்பூர், கரூர்த் தறிகளில். லாரிக்காரருக்குக் கிடைத்த ஆதாயமும் தறிக்காரருக்கு வந்த நட்டமும் ஒரே முடிவின் இரு பக்கம்.

இரண்டு, உரம். சேலம், நாமக்கல் மரவள்ளிக்குச் சாம்பல் சத்து நிறைய வேண்டும். கிழங்கில் மாவு பிடிக்க அது உதவும். அந்தச் சத்தைத் தரும் பொட்டாஷ் நம் நாட்டில் வெட்டுவதில்லை. ரஷ்யா, பெலாரஸ், கனடா, ஜோர்டான், இஸ்ரேல் என்று வெளியிலிருந்துதான் வரவேண்டும். உக்ரைன் போரின்போது பொட்டாஷ் மூட்டை விலை ஏறியதற்கு நம் ஜவ்வரிசி ஆலைகளும் விலை கொடுத்தன.

மூன்று, காந்தம். 2025 ஏப்ரலில் சீனா அருமண் தனிமங்கள் ஏழின்மேலும் அவற்றில் செய்த காந்தங்களின்மேலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. மின் ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் அந்தக் காந்தம் இருக்கிறது. சேலத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓசூரில் மின்வண்டி செய்பவர்களுக்கு அது உடனே கவலையாயிற்று. அருமண் கலந்த மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் நம்மிடமே உண்டு. காந்தம் செய்யும் தொழிலை நாம் வளர்க்கவில்லை. கடற்கரை மக்கள் கதிர்வீச்சுக்கும் நில அரிப்புக்கும் அஞ்சுவதும் நியாயமே; அவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் மணலைத் தொடக் கூடாது.

ரஷ்யா எண்ணெயிலும் உரத்திலும் கைவைக்கலாம். சீனா காந்தத்திலும் மக்னீசியாவிலும் கைவைக்கலாம். இருவரும் நண்பர்கள். இதற்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

*

மறுபடி வெள்ளைக்கல். 2017-இல் சீன அரசு லியாவ்நிங்கில் சுற்றுச்சூழல் சோதனையைக் கடுமையாக்கி, வெடிமருந்துப் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தியது. உலகெங்கும் மக்னீசியா விலை எகிறியது. உலைச் செங்கல் செய்பவர்கள் சரக்குக்கு அலைந்தார்கள். சேலத்துக் கல்லுக்கு நல்ல காலம் பிறக்க வேண்டிய நேரம் அது. அந்த ஆண்டுகளில் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாததால் இங்கே சுரங்கங்கள் நின்று கிடந்தன. கூலிக்குப் போனவர்கள் கட்டட வேலைக்கும் வெள்ளிப் பட்டறைக்கும் கலைந்தார்கள்.

சட்டத்தைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூசியை மூச்சில் வாங்கியவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. அனுமதிக்கு வேண்டிய பணிகளைக் காலத்தோடு முடித்து, மண்மேடுகளில் மரம் வளர்த்து, கல்லின் சிலிக்காவைக் குறைக்கும் தொழில்நுட்பத்தில் பணம் போட்டிருக்கலாம். மலிவாக வருகிறது என்று சீனத்துச் சரக்கை நம்பி இருந்த காலத்தில் நம் திறன் தேய்ந்தது. உலைக்குச் செங்கல் தரும் நாடு, வேண்டும்போது தர மறுக்கவும் முடியும்.

*

ஒரு பெரியவர், நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், சொன்னது: "அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தா நமக்கு என்னங்க? முட்டையை வாங்குற ஊரு வேற." அவர் சொல்வது பாதி சரி, ஏற்றுமதியாகும் நாமக்கல் முட்டை பெரும்பாலும் வளைகுடாவுக்குப் போகிறது. ஆனால் பண்ணைக்குத் தீவனம் ஏற்றும் லாரியின் டீசலும், தீவனச் சோளத்துக்குப் போட்ட உரமும் அந்த இரு நாடுகளோடு கட்டுண்டவை. 2023 டிசம்பரில் ரஷ்யாவிலேயே முட்டை விலை ஏறி, புதின் தொலைக்காட்சியில் மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். வல்லரசின் தலைவரும் முட்டை விலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

*

நம் வணிகக் கணக்கு, சுருக்கமாக. ரஷ்யாவோடு 2024–25-இல் நம் வணிகம் 6,870 கோடி டாலர். அதில் நாம் விற்றது 490 கோடி டாலர் அளவே. சீனாவோடு 12,770 கோடி டாலர். பற்றாக்குறை 9,920 கோடி. இருவரிடமும் நாம் வாங்குபவர்களாகவே நிற்கிறோம். அவர்கள் இருவருக்குமிடையில் ஒருவர் விற்பதை மற்றவர் ஈடுகட்டுகிறார்.

*

செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவதை எழுதி முடிக்கிறேன்.

ரஷ்ய நட்பைக் காக்க வேண்டும். நம் படைக்கலமும் கூடங்குளத்து உலைகளும் அதில் தங்கியுள்ளன. ஆனால் இமயத்தில் மறுபடி ஒரு கல்வான் வந்தால் மாஸ்கோ நமக்காகப் பெய்ஜிங்கைப் பகைத்துக்கொள்ளும் என்று ஒரு திட்டமும் போடக் கூடாது.

எல்லைப் பேச்சை நிறுத்தக் கூடாது. 2003-இல் இதற்கெனச் சிறப்புப் பிரதிநிதிகளை அமர்த்தினோம். 2005-இல் தீர்வுக்கான அடிப்படைகளில் உடன்பட்டோம். 2024 அக்டோபரில் ரோந்து பற்றி ஓர் இணக்கம் வந்தது. 2025 ஆகஸ்டில் 24-ஆவது சுற்றுப் பேச்சு டெல்லியில் நடந்தது. மெதுவாக நடக்கிறது என்று சலிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தமான்ஸ்கியில் சுட்டுக்கொண்டவர்கள் கடைசிக் கல்லை நட 39 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பேச்சு இடையில் நின்றாலும் மறுபடி தொடங்கினார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் துணிவுள்ள தலைமையும், அதைத் துரோகம் என்று கூவாத மக்களும் அதற்கு வேண்டும். இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, நம் காலடியில் உள்ளதைப் பேண வேண்டும். சேலத்து வெள்ளைக்கல், மணவாளக்குறிச்சி மணல், இவற்றை வெட்டிக் காசாக்குவதோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள மக்களின் உடல்நலத்தையும் காத்து, கடைசிப் பொருள் வரை இங்கேயே செய்யும் தொழில் வளர வேண்டும். நம் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் உலைச் செங்கல்லையும் காந்தத்தையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்டை வல்லரசுகள் இருவர் ஒன்று சேர்ந்தது நமக்கு எதிராக நடந்த சதியில்லை. தங்கள் எல்லையைத் தீர்த்துக்கொண்டு அவர்கள் பெற்ற பலன் அது. நம் எல்லையை நாம் தீர்க்காத வரையில் அந்தப் பலன் நமக்குக் கிடைக்காது.